அடியில் இருக்கும் உப்பு

மே மாதத்தில் விற்க வந்திருக்கக் கூடாது, லவோன்.
பனிக்குப் பயந்து இறங்கிய வடக்கத்திக்காரர்கள்
வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.
என் கொட்டகையில் ஏற்கெனவே பதினேழு கோல்ஃப் வண்டிகள்
பல்லிளித்துக்கொண்டு நிற்கின்றன.
அக்டோபர் என்றால் ஐந்நூறு டாலர் கூடத் தருவேன்.
இதைச் சொல்லிவிட்டுத்தான் குனிகிறேன்.

எல்லோரும் காட்டுவதைத்தான் நீங்களும் காட்டுகிறீர்கள்:
பளபளக்கும் சக்கரம், தைத்துப் போட்ட தோலுறை,
கூரை ஓரம் நெடுக நீல விளக்குச் சரம்.
ஹார்லன் ஆசைப்பட்டுப் போட்டது,
ஆயிரத்து எண்ணூறு ஆயிற்று என்கிறீர்கள்.
ஆகியிருக்கும்.
அதைக் கழற்றுவதற்கு எனக்கு அறுபது ஆகும்.

அப்புறம் இந்த ஆரஞ்சு.
அவருடைய கல்லூரி அணியின் நிறம், புரிகிறது.
ஆற்றுக்கு இந்தப் பக்கம்
அந்த அணியை யாருக்கும் கண்டால் ஆகாது.
சும்மா கொடுத்தாலும்
இரவோடு இரவாகத்தான் ஓட்டிப்போவார்கள்.

பதினாறாம் வருடத்து வண்டி என்றீர்கள்.
அது அவர் வாங்கிய வருடம்.
டாஷ்போர்டுக்கு அடியில் ஒட்டிய எண்
பதின்மூன்று என்கிறது.
வண்டி பொய் சொல்வதில்லை,
ஹார்லனும் சொல்லியிருக்க மாட்டார்.
அவருக்கு விற்றவன் சொல்லியிருப்பான்.
ஒருவேளை அது நானாகவும் இருக்கலாம்.

இருக்கையைத் தூக்குகிறேன்.
ஆறு பேட்டரிகள். ஈய முனையில் குத்தியிருக்கும்
மாதத்துக்கு ஓர் எழுத்து, வருடத்துக்கு ஓர் எண்.
நான்கு கிழடு. இரண்டு இளசு.
நொண்டி மாட்டோடு பூட்டிய காளை
நொண்டியின் நடையைத்தான் பழகும்.
ஆறையும் மாற்ற வேண்டும்.
யானை என்றால் இறந்தும் ஆயிரம் பொன்;
இது நின்றுவிட்டால்
நகர்த்திப்போக ஆளுக்குக் கூலி.

நிற்கும்போது எல்லா வண்டியும் யோக்கியம்தான்.
உங்கள் வாசல் மேட்டில் ஏற்றிப் பார்த்தேன்.
மீட்டர் முள் மடமடவென்று சரிந்தது.

கிளப்ஹவுஸைத் தாண்டி ஓட்டியதே இல்லை என்றீர்கள்.
மல்லாந்து படுத்து அடியில் விளக்கடிக்கிறேன்.
பட்டைச் சுருள்கள் அப்பளமாய் உதிர்கின்றன.
மழைத் துரு இப்படி இருக்காது.
இது உப்பு.
அலுமினியச் சட்டம் தாங்கியிருக்கும், இது இரும்பு.
கால்மிதியைத் தூக்கினால்
ஒரு கைப்பிடி சாம்பல்நிற மணல்.

கடல் இங்கிருந்து நான்கு மைல்.

அவருக்குக் கடலே பிடிக்காது என்கிறீர்கள் மெதுவாக.
நாற்பத்தொரு வருடம்.
கூப்பிட்டுக் கூப்பிட்டு
நானே விட்டுவிட்டேன் என்கிறீர்கள்.

உப்புக்குத் தொள்ளாயிரம் கழிக்க வேண்டும்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.
எதைச் சொல்ல இருக்கிறது எனக்கு?
வலப்பக்க இருக்கையைத் தட்டிக் காட்டினேன்:
பாருங்கள், நுரை அமுங்கவே இல்லை,
தையல் வெளுக்கவில்லை,
இங்கே யாரும் உட்கார்ந்ததே இல்லை,
இதற்கு நூறு டாலர் கூடப் போடலாம்.

நீங்கள் அந்த இருக்கையை
வெகுநேரம் பார்த்தீர்கள்.
விலையைக் கேட்கவே இல்லை.
இருக்கும் சார்ஜில் நான்கு மைல் போகுமா என்றீர்கள்.

போகும்.

திரும்புமா?

இந்த ஆறு பேட்டரிகளுக்கு
நான் சத்தியம் செய்ய மாட்டேன், லவோன்.

சாவியைக் கேட்டு வாங்கினீர்கள்.
இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தீர்கள்;
அவர் உடம்பு அழுத்திவைத்த பள்ளத்தில்
சற்றுச் சரிந்தே உட்கார்ந்தீர்கள்.
நீலச் சரம் பட்டப்பகலில் எரிந்தது.
அணைக்கத் தெரியவில்லை போலும்.

ஒவ்வொரு முறை போய் வந்ததும்
நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்கள்,
அக்டோபரில் விலை நிற்கும் என்று கத்தினேன்.
பேட்டரி வண்டி, சத்தமே இல்லை.
கேட்டிருக்கும் உங்களுக்கு.